எட்டுப் போட்டாற் போதுமா?

திருக்கோவிலூரைச் சூழ்ந்த நாட்டைப் பண்டு ஆண்டவன் மலையமான் திருமுடிக்காரி என்னும் வள்ளல். அவன் பெயரும் காரி. அவன் ஊர்ந்த குதிரையின் பெயரும் காரி. அவன் கொடையைப் போற்றிய சங்கப் புலவர் அவன் குதிரையையும் மறவாது போற்றினர் எனின், ஊர்தியும் ஊர்வோனும் எத்துணை ஒன்றியிருந்தனர் என்பது எளிதிற் பெறப்படும். இன்று அந்நாட்டிற்கு அணித்தாயுள்ள ரிஷிவந்தியம் வட்டாரத்திற் குதிரை ஊர்வார் எவரையும் காணோம். வீட்டுக்கு வீடு திண்ணையோரத்தில் நிற்பது மோட்டார் சைக்கிளே. அதனை இரும்புக் குதிரை என்று வேடிக்கையாகச் சொல்வாரும் உளர். ஆயினும், குதிரைக்கும் இதற்கும் பெரியதொரு வேற்றுமை உண்டு. குதிரைக்குக் கண் உண்டு, அச்சம் உண்டு. ஊர்பவன் கண்ணயர்ந்தாலும் பள்ளத்தைக் கண்ட குதிரை நின்றுவிடும். மோட்டார் சைக்கிளுக்குக் கண்ணுமில்லை, அச்சமுமில்லை. ஆதலின், ஊர்திக்கு வேண்டிய அறிவையும் தன் அறிவையும் சேர்த்து, இருவர்க்குரிய அறிவை ஒருவனே உடையனாதல் வேண்டும். அவ்வறிவை நம் இளைஞர் எங்ஙனம் பெறுகின்றனர் என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்த பொருள்.

மோட்டார் சைக்கிள் வீண் ஆடம்பரம் என்று கடிந்துரைப்பது எம் கருத்தன்று. ஊர்ப்புறங்களில் அஃது இன்றியமையாத கருவியாகிவிட்டது. விடியுமுன் பாற்கேனைக் கூட்டுறவுச் சங்கத்திற்குக் கொண்டு சேர்ப்பதும், கரும்புத் தோட்டத்திற்கு உரமூட்டை சுமப்பதும், பேறுகாலப் பெண்ணைப் பார்க்கத் தாயை அழைத்துச் செல்வதும், தவறிப்போன பேருந்தைத் தியாகதுருகத்திலோ கள்ளக்குறிச்சியிலோ சென்று பிடிப்பதும் அதனாலேயே இயல்கின்றன. நம் கல்லூரியிற் பயிலும் வெளியூர் மாணவருள்ளும் பலர் அதன் முதுகிலேறியே கல்விக்கு வருகின்றனர். வேண்டாத பொருளாயின் விலக்கிவிடலாம். வேண்டிய பொருளாதலின் அதனைக் கையாளும் முறையை நன்கு கற்றேயாக வேண்டும்.

அம்முறையை ஒருவன் கற்றானா என்று அறிதற்காக அரசினர் தேர்வு வைத்துள்ளனர். இந்தியாவில் மோட்டார் வண்டிகளுக்கென 1914-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் தோன்றியது. 1939-இல் அதனினும் விரிந்ததொன்று வந்தது. இன்று நடைபெறுவது 1988-ஆம் ஆண்டுச் சட்டம். அதன்படி பதினெட்டு வயது நிரம்பியவன் முதலிற் பழகுநர் உரிமம் பெறல்வேண்டும். ஊரார் அதனை எல்.எல்.ஆர். என்பர். சாலைக் குறிகளையும் விதிகளையும் பற்றிய சில வினாக்களுக்கு விடையளித்தவனுக்கு அது கிடைக்கும். ஆறு திங்கள் அது செல்லும். வெண்மையான தகட்டிற் சிவப்பாக 'எல்' என்னும் எழுத்தைப் பொறித்து வண்டியிற் பூட்டி, முப்பது நாட்களேனும் பழகியபின், ஆய்வாளர் முன்னிலையில் ஓட்டிக் காட்டல்வேண்டும். அத்திடலிற் செய்யவேண்டுவது யாவரும் அறிந்ததே: காலைத் தரையில் ஊன்றாமல் எட்டு என்னும் எண்ணின் வடிவாக வண்டியை வளைத்து வருதல். "எட்டுப் போட்டாயா?" என்று ஒருவரை ஒருவர் கேட்பதே "உரிமம் பெற்றாயா?" என்பதற்கு நம் நாட்டு வழக்காயிற்று.

இனி, எம்மைப் பற்றிய செய்தியொன்றை இவ்விடத்துக் கூறாது விடின், மேலே எழுதுவதற்கு எமக்குத் தகுதியில்லை. சென்ற ஆண்டில் எம் பள்ளித்தோழன் ஒருவன் பழகுநர் உரிமத் தேர்விற்குச் செல்லவிருந்தான். படிப்பில் அவனுக்கு அத்துணைப் பழக்கமில்லை. தேர்விற்கு முன்னாள் இரவு எம் வீட்டிற்கு வந்து, "நீ படித்தவன், எனக்குச் சொல்லிக் கொடு" என்றான். யாமும் மகிழ்ந்து இசைந்தோம். வினாக்களையும் விடைகளையும் தொகுத்த சிறு புத்தகமொன்று கையிலிருந்தது. விளக்கம் சொல்லப் பொழுதில்லை என்று கருதி, "இந்தப் படம் வந்தால் இந்த விடை, இந்தச் சொல் வந்தால் இரண்டாவது விடை" என்று கிளிக்குச் சொல்லுமாறு சொல்லிக் கொடுத்தோம். அவன் நடுவில் ஒருமுறை, "இரவில் ஏன் மெதுவாகப் போக வேண்டும்? இரவிலேதான் சாலை காலியாக இருக்கிறதே!" என்று கேட்டான். "அதெல்லாம் கேட்கமாட்டார்கள், விடையை மட்டும் மனத்தில் வை" என்றோம். மறுநாள் அவன் தேறினான். திங்கள் ஒன்று கழித்து எட்டும் போட்டான். எமக்கு இனிப்பு வாங்கிக் கொடுத்தான்.

மார்கழித் திங்களில் ஓரிரவு, பகண்டைக் கூட்டுரோட்டிலிருந்து ஊர் திரும்புகையில், சக்கரம் பழுதாகிச் சாலையோரத்தில் நின்றிருந்த கரும்பு டிரெய்லர் ஒன்றின்மேல் அவன் மோதினான். டிரெய்லரின் பின்புறத்தில் விளக்குமில்லை, ஒளியை எதிரடிக்கும் பட்டையுமில்லை. தலைக்கவசம் அவன் முழங்கையிலே தொங்கிற்று. அவன் இறந்திலன். பல திங்கள் மருத்துவமனையிற் கிடந்து வீடு வந்து சேர்ந்தான். சென்ற விடுமுறையில் யாம் பார்க்கச் சென்றபோது எம்மைக் கண்டு சிரித்தான். பெயர் சொல்லி அழைத்திலன். அவன் அன்னையார் எம்மிடம் ஒரு குறையும் கூறினாரல்லர். அதுவே எமக்குப் பெருஞ்சுமையாயிற்று. அவன் கேட்ட வினா ஒன்றே ஒன்று. அதற்கு யாம் விடை கூறவில்லை.

தமிழ் பயில்வார் நூற்பாவையும் உரையையும் வேறுபடுத்தி அறிவர். நூற்பாவை மட்டும் நெட்டுருப் பண்ணினவன் தேர்வில் அதனை எழுதிக்காட்டலாம்; புதியதொரு செய்யுள் எதிர்ப்பட்டவிடத்து அதனைப் பொருத்திக் காண்டற்கு உரையறிவு வேண்டும். சாலைவிதி நூற்பா, அதன் காரணம் உரை. சாலையோ நாடோறும் புதிய செய்யுளையே நம்முன் வைக்கின்றது. ஆதலின், விதிகளை அறிந்தோம் என்பது போதாது. அவ்விதிகள் ஏன் பிறந்தன என்பதையும் அறிந்தவனே வண்டியோட்டக் கற்றவன் என்பது எம் துணிபு. சில விதிகளை எடுத்து அவற்றின் உரையை இயன்றவாறு காண்போம்.

முதலாவது, வேகம். மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்திற் செல்லும் வண்டி ஒரு வினாடியில் ஏறக்குறையப் பதினேழு மீட்டர் கடந்துவிடும். இடையூறு ஒன்றைக் கண் காணவும், மனம் உணரவும், கை பிரேக்கைப் பற்றவும் ஒரு வினாடியேனும் செல்லும். அதற்குள் அப்பதினேழு மீட்டரும் போயொழிந்தன. அதன்பின் உலர்ந்த நல்ல தார்ச்சாலையில் வண்டி நிற்க இன்னும் இருபத்து மூன்று மீட்டர் அளவு வேண்டும். ஆக, நாற்பது மீட்டர். முப்பது கிலோமீட்டர் வேகமாயின் மொத்தம் பதினான்கு மீட்டரில் நின்றுவிடலாம். வேகம் இருமடங்காயின், பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் நான்மடங்காகும் என்பது இயற்கை விதி. எந்த அரசினரும் அதனைத் திருத்த இயலாது. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது, பதினான்கு மீட்டர் உயரத்திலிருந்து வீழ்வதை ஒக்கும். வளர்ந்த தென்னையின் உச்சியிலிருந்து தரையில் வீழ்வதாக நினைத்துக்கொள்க. தென்னையேறுபவன் இரு கையாலும் மரத்தை இறுகப் பற்றுகின்றான். நாமோ ஒரு கையிற் கைப்பேசியைப் பற்றுகின்றோம்.

எம் தோழன் கேட்ட வினாவிற்கும் விடை இதனுள்ளேயே இருக்கின்றது. இரவில் வண்டியின் தாழ்ந்த விளக்கொளி முன்னே சில பத்து மீட்டர் தூரத்தையே காட்டும். அவ்வொளி சென்றெட்டும் எல்லைக்குள் நிறுத்த இயலாத வேகத்தில் ஓட்டுபவன், கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுபவனே ஆவான். எதிரே பெருவிளக்கோடு ஒரு லாரி வந்துவிட்டால், கண் கூசிச் சில கணம் அவ்வொளியின் பயனும் இல்லை. சாலை காலியாக இருக்கின்றது என்பது நம் எண்ணம். காணப்படவில்லை என்பதே உண்மை. கரும்பு வெட்டுங் காலத்தில் மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் உள்ள கூட்டுறவு ஆலைகளை நோக்கி இரவெல்லாம் டிராக்டர்கள் ஊர்ந்து செல்கின்றன. டிரெய்லரின் அகலத்தினும் வெளியே கரும்பு நீட்டிக்கொண்டிருக்கும். அதனை அறிந்த இவ்வட்டார இளைஞன் மார்கழி தை இரவுகளில் வேகத்தைக் குறைத்தற்கு ஆய்வாளர் ஒருவர் சொல்லவும் வேண்டுமோ? 2017-ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் விற்கப்படும் புதிய மோட்டார் சைக்கிள்களில் முன்விளக்குப் பகலிலும் தானே எரியுமாறு அமைத்திருக்கின்றனர். ஊரில் முதியோர் பலர் கையைத் திருகிக் காட்டி, "தம்பி, விளக்கு எரியுது" என்று அன்போடு எச்சரிப்பர். அவ்விளக்கு நாம் காண்பதற்கன்று, நம்மைப் பிறர் காண்பதற்கு என்னும் உரையை அவர்கட்கும் கூறவேண்டும்.

இரண்டாவது, பிரேக். முன்சக்கரத்துப் பிரேக்கைத் தொட்டாற் குப்புற வீழ்வோம் என்னும் அச்சம் நம் ஊர்களில் வேரூன்றிக் கிடக்கின்றது. பேருந்து திடீரென நிற்கும்போது நின்றுகொண்டிருப்பவர் முன்னே சாய்வதை யாவரும் கண்டிருப்பர். வண்டி நிற்க முற்படுகையிற் பாரம் முன்னே செல்கின்றது என்பது அதன் பொருள். பாரம் சென்ற முன்சக்கரமே தரையை இறுகப் பற்றும். பின்சக்கரமோ பாரங் குறைந்து வழுக்கும். ஆதலின் வண்டியை நிறுத்தும் ஆற்றலிற் பெரும்பகுதி முன்பிரேக்கினுடையதே. அதனை விட்டுப் பின்பிரேக்கை மட்டும் மிதிப்பவன் தன் ஆற்றலிற் சிறுபகுதியைக் கொண்டே போராடுகின்றான். வண்டி நேராக நிற்க, இரண்டையும் ஒருங்கே, முன்னதைச் சிறிது சிறிதாக இறுக்கிப் பிடித்தலே முறை. 2019-ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் விற்கப்படும் வண்டிகளில், 125 சி.சி.க்கு மேற்பட்டவற்றிற் சக்கரம் பூட்டிக்கொள்ளாமற் காக்கும் ஏ.பி.எஸ். அமைப்பும், சிறிய வண்டிகளில் இரு பிரேக்கும் ஒருங்கே இயங்கும் அமைப்புமாவது இருத்தல்வேண்டும் என்று விதித்தனர். ஆயினும், மணலும் சரளையும் பரந்த இடத்தில் எவ்வமைப்பும் முற்றும் உதவாது. அறுவடைக் காலத்திற் சாலையின் பாதியை மறைத்து உலர்த்தப்படும் நெல்லும் மக்காச்சோளமும் சக்கரத்தின்கீழ் உருளும் மணிகளே. கோடைக்குப்பின் பெய்யும் முதன்மழையில், சாலையிற் படிந்த எண்ணெயும் புழுதியும் நீரோடு கலந்து வழுவழுப்பாகும். இவ்விடங்களை அணுகுமுன்னரே வேகத்தைத் தணித்தல் வேண்டுமேயன்றி, உட்புகுந்தபின் பிரேக்கைப் பற்றுதல் ஆகாது.

மூன்றாவது, மலைவழி. கச்சிராயபாளையத்தைக் கடந்து கல்வராயன் மலைமேல் வெள்ளிமலைக்கு ஏறும் பாதையை விடுமுறை நாட்களில் நம் தோழர் பலர் நாடிச் செல்கின்றனர். மேலேறும் வண்டிக்குக் கீழிறங்கும் வண்டி வழிவிடல் வேண்டும் என்பது விதி. ஏனெனின், ஏற்றத்தில் நின்ற வண்டியை மீண்டும் எடுத்தல் அரிது. இறங்குகையிற் பெட்ரோல் மிச்சமாகும் என்று கருதி எஞ்சினை அணைத்து உருட்டிவிடுவார் உளர். எஞ்சினும் ஒரு பிரேக்கே என்பதை அவர் அறியார். சிறு கியரில் இறங்கினால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது சூடேறி வலிகுன்றும். வளைவின் நடுவிற் பிரேக் பிடித்தலினும் வளைவிற்கு முன்னரே வேகந் தணித்தல் நன்று. சாய்ந்த வண்டியின் சக்கரம் திரும்புவதற்கும் நிற்பதற்கும் தன் பிடியைப் பங்கிட்டுக் கொடுக்க நேரிடும்.

நான்காவது, தலைக்கவசம். இதனைப் பற்றி எழுதப்புகின் நகைப்பார் உளர். நகைப்பதற்குமுன் ஒரு வரலாற்றைக் கேட்பாராக. முதல் உலகப்போரிற் பெயர்பெற்ற டி. இ. லாரன்ஸ் என்னும் ஆங்கிலேயர் 1935-ஆம் ஆண்டு மே 13-ஆம் நாள் மோட்டார் சைக்கிளிற் செல்லும்போது, சைக்கிளில் எதிர்ப்பட்ட இரு சிறுவரைத் தவிர்க்க முயன்று வீழ்ந்தார். தலையிற் காயமுற்று ஆறுநாட் கழித்து மாண்டார். அவரைப் பார்த்த மருத்துவருள் ஒருவர் மூளை அறுவையில் வல்ல ஹியூ கெய்ன்ஸ். அவ்விழப்பு அவர் நெஞ்சைவிட்டு அகலவில்லை. மோட்டார் சைக்கிளோட்டிகளின் தலைக்காயங்களை ஆராய்ந்து, தலைக்கவசத்தின் இன்றியமையாமையைப் பற்றி 1941-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதன்பின் பிரிட்டிஷ் இராணுவத்தின் தூதுவண்டியோட்டிகளுக்கு அது கட்டாயமாயிற்று. ஒரு சாவினின்று ஒரு மருத்துவர் கற்ற பாடம் உலகத்துக்குப் பயன்பட்டது. உலகின் பல பகுதிகளிற் செய்த ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2008-இல் வெளிவந்த மதிப்புரையொன்று, தலைக்கவசம் சாவை 42 விழுக்காடும் தலைக்காயத்தை 69 விழுக்காடும் குறைக்கின்றது என்று கண்டது. நம் நாட்டிலோ, 2022-ஆம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துகளில் இறந்தோர் 1,68,491 பேர். அவருள் தலைக்கவசம் அணியாதிருந்தோர் 50,029 பேர் என்று நடுவணரசின் அறிக்கை கூறுகின்றது. ரிஷிவந்தியத்தைப்போன்ற ஊர்கள் எத்தனை சேர்ந்தால் ஐம்பதினாயிரம் பேர் ஆவர் என்று கணக்கிட்டுக் காண்க.

அது காக்கும் வகையும் எளிதே. குயவர் மட்பாண்டங்களை வண்டியேற்றுகையில் இடையிடையே வைக்கோலைப் பரப்புவர். அதிர்ச்சியை வைக்கோல் ஏற்று நசுங்கும், பாண்டம் பிழைக்கும். கவசத்தினுள்ளே இருக்கும் தெர்மாக்கோல் போன்ற பொருளும் அங்ஙனமே நசுங்கி, மூளையின்மேற் பாயும் அடியைத் தான் வாங்கிக்கொள்கின்றது. ஆதலின், உள்ளே அப்பொருளில்லாத வெறும் ஓட்டைத் தலையிற் கவிழ்ப்பது போலீசாரை ஏமாற்றலாம், சாலையை ஏமாற்றாது. ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ளதையே கொள்க. ஒருமுறை பலமாக அடிபட்ட கவசத்தின் வைக்கோல் நசுங்கிவிட்டது, அதனை மாற்றுக. நாடாவைப் பூட்டாவிடில் அது தலைக்கு முன்னரே சாலையிற் போய் வீழும். பின்னிருப்பவர்க்கும் இவை யாவும் ஒக்கும். தாயையும் தங்கையையும் பின்னே இருத்தித் தான் மட்டும் கவசம் அணிபவன் அன்பின் கணக்கை மீண்டும் ஒருமுறை பார்ப்பானாக. மேலும், சேலையும் துப்பட்டாவும் பின்சக்கரத்திற் சிக்குவதைத் தடுக்கும் காப்பு இருத்தல் வேண்டும் என்று விதியே உண்டு; அழகு கெடுகின்றதென்று அதனைக் கழற்றிவிடுவார் அவ்விதியின் உரையை அறியார்.

விவிலியத்திலே உபாகமத்தில் ஒரு கட்டளை உண்டு. புதுவீடு கட்டுபவன் அதன் மாடிக்குச் சுற்றிலும் கைப்பிடிச்சுவர் அமைக்க வேண்டும். அமையாமல் ஒருவன் வீழ்ந்து இறந்தால் அப்பழி வீட்டின்மேல் வரும் என்பது அதன் கருத்து. அது வழிபாட்டைப் பற்றிய கட்டளையன்று; கல்லும் சுண்ணாம்பும் பற்றிய கட்டளை. எனினும் அறநூலிலே அது இடம்பெற்றது. பிறன் உயிர்க்குத் தீங்கு வாராமல் முன்னரே காத்தல், கருணையின் ஒரு கூறு என்று அதனால் அறிகின்றோம். தலைக்கவசமும், டிரெய்லரின் பின்னே ஒட்டும் சிவப்புப் பட்டையும், பதினெட்டு வயது நிரம்பாத மகன் கையிற் சாவியைக் கொடாமையும் நம் காலத்துக் கைப்பிடிச்சுவர்கள். இளஞ்சிறாரிடம் வண்டியைக் கொடுத்த பெற்றோரையே பொறுப்பாளிகளாக்கி, மூன்றாண்டு வரை சிறையும் இருபத்தையாயிரம் ரூபாய் தண்டமும் 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் விதித்ததும் இக்கருத்துப் பற்றியே.

"எல்லாம் விதிப்படி நடக்கும், ஆயுசு கெட்டியாயிருந்தால் ஒன்றும் ஆகாது" என்பார் நம் ஊரிற் பலர். கிறிஸ்தவருள்ளும் "கர்த்தர் காப்பார்" என்று சொல்லித் தலைக்கவசத்தை வீட்டில் விட்டுச் செல்வார் உளர். ஆலயத்து உச்சியினின்று குதிக்குமாறு தூண்டப்பட்டபோது நம் ஆண்டவர் இணங்கினாரல்லர். கடவுளை நம்புதல் வேறு. அவரைச் சோதித்தல் வேறு. வேறு சிலர், "பள்ளமுஞ் சாலையே; விளக்கில்லாததும் டிராக்டரே; ஓட்டுபவன் என்செய்வான்?" என்பர். இதனுள் உண்மை உண்டு. சாலையைச் செப்பனிடுதலும், விளக்கில்லா வண்டிகளைத் தடுத்தலும் பொறுப்புடையோர் கடமையே. அவற்றைக் கேட்டுப் பெறுதல் ஊரார் உரிமையே. ஆயின், பிறர் கடமை தவறியவிடத்து முதலில் உடைவது ஓட்டுபவன் தலையாதலின், அவன் அறிவு ஏனையோர் அறிவினும் முற்பட்டிருத்தல் வேண்டும்.

தேர்வும் திருந்தவேண்டும். 1989-இல் வகுத்த நடுவண் விதிகள், பழகுநர் தேர்வில் நான்கு பொருள்களைக் கேட்குமாறு குறித்தன: சாலைக் குறிகளும் விதிகளும், விபத்து நேர்ந்தவிடத்து ஓட்டுநர் கடமை, ஆளில்லா இருப்புப்பாதைக் கடவைக் கடக்கும் முறை, உடன்வைத்திருக்க வேண்டிய ஆவணங்கள் என்பன. அகல இருப்புப்பாதைகளில் ஆளில்லாக் கடவுகளை 2019-ஆம் ஆண்டுத் தொடக்கத்திலேயே ஒழித்துவிட்டனர். நம் வட்டாரத்து இளைஞனைக் கொல்லக் காத்திருப்பவை கடவுகளல்ல. இருளில் நிற்கும் கரும்பு டிரெய்லரும், சாலையிற் பரந்த சோளமும், ஊர்ப்புறத்துக் கிளைச்சாலையினின்று சேலம் நெடுஞ்சாலையில் நோக்காது ஏறும் பழக்கமுமே. இவற்றை வினாக்களாக்கி, "ஏன்?" என்று கேட்குமாறு அமைத்தால், நெட்டுருவிற்கு இடம் குறையும்.

அரசினர் செய்யும்வரை நாம் காத்திருக்க வேண்டுவதில்லை. நம் கல்லூரியில் ஆண்டுதோறும் முதற்பருவத்தில் ஒருநாள் ஒதுக்கி, பௌதிகப் பிரிவினர் வேகத்தையும் பிரேக்கையும் திடலிலே அளந்து காட்டலாம். தமிழ்ப் பிரிவினராகிய நாம் விதிகளுக்கு எளிய தமிழில் காரண உரை எழுதித் துண்டுத்தாளாக அச்சிடலாம். விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும், பழகுநர் தேர்விற்குச் செல்லும் ஒருவருக்கேனும் அவ்வுரையைச் சொல்லிக் கொடுக்கலாம். கரும்பு வெட்டுத் தொடங்குமுன் எதிரொளிப் பட்டைகளை வாங்கி, ஊரிலுள்ள டிரெய்லர்களின் பின்னே உரியவர் இசைவுடன் ஒட்டலாம். அதற்காகும் செலவு ஒரு மாலைச் சிற்றுண்டிச் செலவினும் மிகாது.

விபத்து நேர்ந்தவிடத்துச் செய்யவேண்டுவதையும் அவ்வுரையிற் சேர்த்தல் வேண்டும். காயமுற்ற முதல் ஒருமணி நேரத்தைச் சட்டமே பொன்னான நேரம் என்று குறிக்கின்றது. 108-ஐ அழைக்கவும், பெருகும் குருதியைத் தூய துணியால் அழுத்திப் பிடிக்கவும், கழுத்தை அசைக்காதிருக்கவும் அறிதல் வேண்டும். எம் தோழன் வீழ்ந்த இரவில் அவ்வழியே சென்ற வண்டிகள் சில நில்லாது சென்றன என்று பின்னர்க் கேட்டோம். வழக்கில் மாட்டிக்கொள்வோம் என்னும் அச்சமே அதற்குக் காரணமாயிருக்கலாம். அவ்வச்சம் இனி வேண்டுவதில்லை. உதவுவோர்க்குத் தொல்லை நேராவாறு 2016-இல் உச்சநீதிமன்றம் நெறிமுறைகளுக்கு வலிமை தந்தது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் அதனைச் சட்டமாகவே ஆக்கியது. முதல் 48 மணி நேரத்திற்கு இலவசச் சிகிச்சை அளிக்கும் திட்டமொன்றைத் தமிழக அரசினர் 2021-ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கினர். எரிகோவிற்குச் செல்லும் வழியிலே கிடந்தவனைக் கண்டு விலகிப்போன இருவரையும், நின்ற சமாரியனையும் நாம் சிறுபோதே படித்தோம். படித்தது தேர்விற்காகவா, சாலைக்காகவா என்பதை அவ்விரவுகளே காட்டும்.

வள்ளுவர் பொச்சாவாமை என்று ஓர் அதிகாரமே வகுத்தார். மகிழ்ச்சி மிகுதியினால் வரும் மறதியைக் காத்தல் அதன் பொருள். புதுவண்டியின் மகிழ்ச்சியினும் பெரிய மகிழ்ச்சி பத்தொன்பது வயதில் ஏது? ஆதலின் அவ்வதிகாரம் நமக்கென்றே எழுதப்பட்டதாகக் கொள்வோம்.

தமிழெண்ணில் எட்டு என்பதற்கு உரிய வடிவம் அகரமே போன்றது என்பதைத் தமிழ் மாணவர் அறிவர். திடலிற் போடும் எட்டும் அங்ஙனமே அகரமாகுக. அகரத்தை எழுதியவுடன் கல்வி முற்றிற்று என்று பலகையை மடித்து வைத்தவர் எவருமிலர். வருகின்ற விடுமுறையில் அத்தோழன் தம்பி பழகுநர் தேர்விற்குச் செல்லவிருக்கின்றான். தனக்குச் சொல்லிக்கொடுக்குமாறு எம்மையே கேட்டிருக்கின்றான். இம்முறை ஒரிரவிற் சொல்லி முடிக்கமாட்டோம். அவன் "ஏன்?" என்று கேட்குந்தோறும் நின்று விடை கூறுவோம், அவன் கேளாவிடின் யாமே கேட்போம்.